லேப்டாப்பில் பாஸ்வேர்டுகளை எங்கே வைப்பது? சர்வீஸ் கடையில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

லேப்டாப் சர்வீஸ் தொழிலில் 12 வருடமாக இருக்கிறேன். பழுதுக்கு வரும் லேப்டாப்பில் என் கண்ணில் படுவது உடைந்த கீலும் வீங்கின பேட்டரியும் மட்டுமில்லை. உரிமையாளரின் பாஸ்வேர்டுகளும் படுகின்றன. நான் தேடிப் பார்ப்பதில்லை, அவையே வந்து நிற்கின்றன. அதனால் வாடிக்கையாளர்கள் இதைப் பற்றி என்னிடம் நிறையக் கேட்கிறார்கள். திரும்பத் திரும்ப வரும் கேள்விகளை இங்கே எழுதி வைக்கிறேன்.

பாஸ்வேர்டு எல்லாத்தையும் ஒரு நோட்பேட் ஃபைலில் எழுதி, யாரும் போகாத ஃபோல்டரில் வைத்திருக்கிறேன். அது போதாதா?

போதாது. ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர், கீபோர்டில் சில எழுத்து விழவில்லை என்று லேப்டாப்பைக் கொண்டுவந்தார். புது கீபோர்டு மாட்டி, ஒவ்வொரு எழுத்தாகத் தட்டிப் பார்க்க நோட்பேடைத் திறந்தேன். விண்டோஸ் 11-இல் உள்ள நோட்பேட், கடைசியாக மூடும்போது எந்த ஃபைல் திறந்திருந்ததோ அதை அடுத்த முறை தானாகவே கொண்டுவந்து காட்டும். பென்ஷன் வரும் பேங்கின் பெயர், யூசர் ஐடி, பாஸ்வேர்டு, ஏடிஎம் பின், அதற்குக் கீழே மகனுடைய மெயில் பாஸ்வேர்டு, எல்லாம் திரை முழுக்க விரிந்தன. அவர் எதிரே ஸ்டூலில்தான் உட்கார்ந்திருந்தார். லேப்டாப்பை அவர் பக்கம் திருப்பி, "டீச்சர், இதை நீங்களே மூடிடுங்க" என்றேன். அவர் முகம் போன போக்கு இன்னும் எனக்கு மறக்கவில்லை. அந்த ஃபைலுக்கு 'சமையல் குறிப்பு' என்று பெயர் வைத்து நாலு ஃபோல்டர் தள்ளி உள்ளே வைத்திருந்தார், பாவம்.

ஒளித்து வைப்பது வேறு, பூட்டி வைப்பது வேறு. அந்த ஃபைல் ஒளிந்திருந்ததே தவிர, பூட்டப்படவில்லை. டாகுமென்ட்ஸ் ஃபோல்டரில் உள்ள ஃபைல் என்றால், விண்டோஸின் தேடல் கட்டத்தில் ஒரு சொல்லைத் தட்டினாலே ஃபைலுக்குள் இருப்பதையும் சேர்த்துத் தேடிக் கொடுத்துவிடும். ஒன்டிரைவ் பேக்கப் போட்டிருந்தால் அதன் நகல் ஒன்று இணையத்திலும் இருக்கும். பாஸ்வேர்டு திருடும் வைரஸ்கள் முதலில் துழாவுவதே டெஸ்க்டாப்பிலும் டாகுமென்ட்ஸிலும் கிடக்கும் இப்படிப்பட்ட ஃபைல்களைத்தான்.

எக்செல் ஃபைலில் வைத்து, அதற்குப் பாஸ்வேர்டு போட்டிருக்கிறேனே?

எந்தப் பாஸ்வேர்டு என்று பாருங்கள். ஷீட்டைத் திருத்த முடியாமல் தடுக்கும் பாஸ்வேர்டு வெறும் தடுப்புதான். உள்ளே இருப்பதை யாரும் படிக்கலாம். ஃபைலைத் திறக்கவே பாஸ்வேர்டு கேட்கும்படி வைத்திருந்தால் அது உண்மையான பூட்டு. எக்செல் 2007-உடன் வந்த ஃபைல் வடிவத்தில் அது ஏஇஎஸ் முறையில் மறையாக்கம் செய்யப்படுகிறது, அதாவது சாவி இல்லாமல் பார்த்தால் வெறும் குப்பை எழுத்தாகத் தெரியும். அதற்கு முந்தைய பழைய வடிவத்தில் சேமித்தவற்றை நம்பவே கூடாது.

இருந்தாலும் இதற்கு எக்செலை நான் சிபாரிசு செய்ய மாட்டேன். ஒரு பாஸ்வேர்டு வேண்டும் என்று திறந்தால் ஐம்பதும் ஒரேயடியாகத் திரையில் விரியும். பஸ்ஸிலோ ஆபீஸிலோ பக்கத்தில் ஒருவர் உட்கார்ந்திருந்தால் போதும்.

குரோம் 'சேமிக்கவா?' என்று கேட்கிறது. ஆமாம் என்று கொடுக்கலாமா?

நோட்பேடுக்கு இது எவ்வளவோ மேல். குரோம் பாஸ்வேர்டுகளை மறையாக்கம் செய்துதான் வைக்கிறது. அந்தப் பூட்டின் சாவி உங்கள் விண்டோஸ் அக்கவுண்டோடு கட்டப்பட்டிருக்கும். அந்த அக்கவுண்டுக்குள் நுழைந்தவருக்கு, அது நீங்களாக இருந்தாலும் லேப்டாப்பை இரவல் வாங்கிய மைத்துனராக இருந்தாலும், பூட்டு திறந்தே கிடக்கும். சேமித்த பாஸ்வேர்டைக் கண்ணால் பார்க்க வேண்டுமென்றால் பின் கேட்கும் என்பது உண்மைதான். ஆனால் தளத்தைத் திறந்ததும் பாஸ்வேர்டு தானாக நிரம்பிவிடுமே. உள்ளே போகிறவர் அதைப் பார்க்க வேண்டிய அவசியமே இல்லை.

இன்னும் பெரிய கவலை வைரஸ். உங்கள் அக்கவுண்டில் ஓடும் ஒரு திருட்டு புரோகிராம், உங்கள் பெயரிலேயே சாவியைக் கேட்டு வாங்கிவிடும். ரெட்லைன் என்ற வைரஸ் இந்த வேலையைத்தான் செய்துவந்தது. 2024 அக்டோபரில் பல நாட்டுப் போலீஸ் சேர்ந்து அதன் சர்வர்களை முடக்கினார்கள். அதே ஆண்டு ஜூலையில் குரோமின் 127-ஆவது பதிப்பிலிருந்து, சாவியை வேறு புரோகிராம்கள் எடுக்க முடியாதபடி கூடுதல் கட்டு ஒன்றை கூகுள் போட்டது. முதலில் குக்கீகளுக்குத்தான் (நீங்கள் ஒரு தளத்தில் நுழைந்திருப்பதை நினைவில் வைக்கும் சிறு ஃபைல்கள்) போட்டார்கள். வைரஸ் எழுதுகிறவர்கள் அதற்கும் சீக்கிரமே வழி கண்டுபிடித்தார்கள்.

என் கணக்கு இது: சினிமா டிக்கெட், செய்தித் தளம் மாதிரியானவற்றை பிரௌசரில் வைத்துக்கொள்ளுங்கள். பேங்க், மெயில், டீமேட் (பங்குகள் வைக்கும் கணக்கு) மூன்றையும் அங்கே வைக்க வேண்டாம்.

ஃபயர்பாக்ஸ் எப்படி?

அதில் 'பிரைமரி பாஸ்வேர்டு' என்று ஒரு வசதி இருக்கிறது. செட்டிங்ஸில் போய் அதை நீங்களேதான் போட வேண்டும். போடாவிட்டால், லேப்டாப்பிலிருந்து இரண்டு ஃபைலை மட்டும் நகலெடுத்துப் போகிறவர் சேமித்ததையெல்லாம் படித்துவிடலாம். போட்டுவிட்டால், பிரௌசரைத் திறந்து பாஸ்வேர்டு தேவைப்படும் முதல் தடவை அதைக் கேட்கும்.

லேப்டாப் திருடுபோனாலும் விண்டோஸ் பாஸ்வேர்டு இருக்கிறதே, பயம் எதற்கு?

கடையில் இதை யாராவது கேட்டால், அவர் லேப்டாப்பையே வாங்கிக் காட்டிவிடுவேன். டிஸ்க் மறையாக்கம் செய்யப்படாத லேப்டாப் என்றால், லினக்ஸ் (விண்டோஸ் மாதிரி இன்னொரு இயங்குதளம்) போட்ட பென்டிரைவைச் செருகி அதிலிருந்து பூட் செய்தால், விண்டோஸ் பாஸ்வேர்டைக் கேட்காமலேயே ஃபோட்டோ, டாகுமென்ட்ஸ் எல்லாம் திறக்கும். ஐந்து நிமிஷ வேலை. விண்டோஸ் பாஸ்வேர்டு வாசல் கதவுக்குத்தான் பூட்டு. டிஸ்க்கைக் கழற்றி வேறு கம்ப்யூட்டரில் மாட்டுகிறவர் வாசல் வழியாக வருவதில்லை.

அதற்கு டிஸ்க்கையே மறையாக்கம் செய்ய வேண்டும். விண்டோஸ் புரோவில் பிட்லாக்கர், ஹோமில் 'டிவைஸ் என்கிரிப்ஷன்', மேக்கில் ஃபைல்வால்ட், லினக்ஸில் லக்ஸ். புது லேப்டாப் என்றால் மைக்ரோசாஃப்ட் அக்கவுண்டில் நுழைந்தவுடன் பெரும்பாலும் தானாகவே ஆன் ஆகியிருக்கும். இங்கேதான் ஒரு எச்சரிக்கை. மதர்போர்டு மாற்றினால், சில சமயம் பயாஸ் (லேப்டாப்பைத் தொடக்கி வைக்கும் அடிப்படை மென்பொருள்) அப்டேட் செய்தால்கூட, நீலத்திரையில் 48 இலக்க ரெகவரி கீ கேட்கும். அது கையில் இல்லையென்றால் உள்ளே உள்ள கல்யாண ஃபோட்டோவை நானும் எடுத்துத் தர முடியாது, வேறு யாரும் எடுத்துத் தர முடியாது. "என் டிஸ்க்கில் பூட்டு இருக்குன்னே எனக்குத் தெரியாதே" என்று கடையில் நின்று அழுதவர்களைப் பார்த்திருக்கிறேன். உங்கள் கீ மைக்ரோசாஃப்ட் அக்கவுண்டில் சேமிக்கப்பட்டிருக்கிறதா என்று இன்றைக்கே பார்த்து, ஒரு தாளில் எழுதி பீரோவில் வையுங்கள்.

அப்போ எங்கேதான் வைப்பது?

பாஸ்வேர்டு மேனேஜரில், அதாவது பாஸ்வேர்டுகளைப் பூட்டி வைப்பதற்கென்றே உள்ள புரோகிராமில். நான் வைத்திருப்பது கீபாஸ்எக்ஸ்சி. இலவசம். விண்டோஸ், மேக், லினக்ஸ் மூன்றிலும் ஓடும். நிரல் யாரும் பார்க்கும்படி திறந்தே இருக்கிறது. கீபாஸ் என்ற புரோகிராமை 2003-இல் டொமினிக் ரைக்கல் என்ற ஜெர்மானியர் வெளியிட்டார். அந்தக் குடும்பத்தில் வந்ததுதான் இது. எல்லாப் பாஸ்வேர்டும் ஒரே ஒரு ஃபைலில் பூட்டப்பட்டிருக்கும். அந்த ஃபைல் உங்கள் லேப்டாப்பில்தான் இருக்கும், நீங்களாக அனுப்பாமல் எங்கேயும் போகாது.

திறந்ததும் 'புது டேட்டாபேஸ்' என்று கொடுங்கள். பூட்டைத் திறக்க ஆகும் நேரம் என்று ஒரு நகர்த்துகோல் வரும், 1 விநாடியில் நிற்கும். அதை அப்படியே விட்டுவிடலாம். அந்த 1 விநாடிக்குள் ஆர்கான்2 என்ற கணக்கு ஓடுகிறது. வேண்டுமென்றே மெமரியையும் நேரத்தையும் தின்னும்படி வடிவமைத்தது அது. உங்களுக்கு 1 விநாடி பெரிதில்லை. கோடிக்கணக்கான பாஸ்வேர்டுகளை ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்க்கிற திருடனுக்கு ஒவ்வொரு தடவையும் அந்தச் செலவைச் செய்தாக வேண்டும்.

மேலே பட்டையில் பகடைப் படம் ஒன்று இருக்கும். அதை அழுத்தினால் 20 எழுத்தோ 30 எழுத்தோ கண்டபடி கலந்து ஒரு பாஸ்வேர்டு தரும். ஒவ்வொரு தளத்துக்கும் இப்படித் தனித்தனியாக ஒன்றை உருவாக்கிக் கொடுங்கள். அதை நீங்கள் மனப்பாடம் செய்ய வேண்டியதில்லை. காப்பி செய்தால் 10 விநாடியில் கிளிப்போர்டிலிருந்து தானாக அழிந்துவிடும். செட்டிங்ஸில் இரண்டை மட்டும் சரிபாருங்கள்: சும்மா விட்டால் சில நிமிஷத்தில் பூட்டிக்கொள்ள வேண்டும், லேப்டாப்பை மூடினால் உடனே பூட்டிக்கொள்ள வேண்டும்.

பிரௌசருக்கான அதன் இணைப்பையும் போட்டுக்கொள்ளுங்கள். அது தளத்தின் முகவரியை ஒப்பிட்டுப் பார்த்துத்தான் பாஸ்வேர்டை நிரப்பும். "கரண்ட் பில் கட்டவில்லை, இன்றிரவு இணைப்பு துண்டிக்கப்படும்" என்று வரும் போலி மெசேஜின் லிங்க்கை அவசரத்தில் அழுத்திவிட்டாலும், முகவரி வேறு என்பதால் அது நிரப்பாது. வழக்கமாக நிரப்புகிற இடத்தில் நிரப்பவில்லையென்றால் கையை எடுத்துவிடுங்கள்.

டவுன்லோடு எங்கிருந்து செய்வது?

அதன் சொந்தத் தளத்திலிருந்து மட்டும். தேடல் முடிவில் மேலே வரும் விளம்பரத்தை அழுத்தாதீர்கள். 2023 அக்டோபரில், கீபாஸ் தளத்தின் முகவரியில் 'கே' எழுத்துக்குக் கீழே ஒரு சின்ன வால் போட்ட போலி முகவரிக்கு கூகுள் விளம்பரம் வழியாகவே ஆட்களைக் கூட்டிப்போய் வைரஸ் கொடுத்தார்கள்.

எல்லாச் சாவியையும் ஒரே கொத்தில் போட்டால், கொத்து போனால் எல்லாமே போகுமே?

நியாயமான பயம். ஆனால் இப்போது நீங்கள் செய்வதையும் பாருங்கள். பேங்குக்கும் மெயிலுக்கும் ஷாப்பிங்குக்கும் ஒரே பாஸ்வேர்டு, கடைசியில் ஒரு எண் மட்டும் மாறியிருக்கும். 2009-இல் ராக்யூ என்ற நிறுவனத்திலிருந்து 3.2 கோடி பாஸ்வேர்டுகள் மறையாக்கமே இல்லாமல் வெளியே வந்தன. அந்தப் பட்டியலை இன்றைக்கும் திருடர்கள் வைத்துக்கொண்டு மற்றத் தளங்களில் போட்டுப் பார்க்கிறார்கள். எங்கேயோ ஒரு சின்னத் தளம் கசிந்தால் உங்கள் மெயிலும் திறக்கிறது. எல்லாக் கதவுக்கும் ஒரே சாவியை வைத்துக்கொண்டு, அதை ஐம்பது கடைக்காரரிடம் கொடுத்து வைத்திருப்பது மாதிரி அது. கொத்து என்றால் அது உங்கள் ஒருவரிடம்தான் இருக்கும். அதன் பூட்டு வலுவாக இருந்தால் போதும்.

கொத்தைத் திறக்கும் அந்த ஒரு மாஸ்டர் பாஸ்வேர்டை எப்படி வைப்பது?

சொற்களால் வையுங்கள். ஆறு சொல், ஒன்றுக்கொன்று சம்பந்தமே இருக்கக் கூடாது. முக்கியமாக, அந்தச் சொற்களை நீங்கள் தேர்ந்தெடுக்கக் கூடாது. நாம் தேர்ந்தெடுத்தால் குலதெய்வமும் பிள்ளை பெயரும் பிடித்த பாட்டு வரியும்தான் வரும். 1995-இல் ஆர்னால்ட் ரைன்ஹோல்ட் என்பவர் இதற்கு ஒரு வழி சொன்னார்: ஒரு சொல்லுக்கு ஐந்து தடவை பகடை உருட்டுங்கள், வரும் எண்ணுக்கு நேராகப் பட்டியலில் உள்ள சொல்லை எடுங்கள். பட்டியலில் 7,776 சொல் இருக்கும். ஆறு சொல் எடுத்தால் சாத்தியங்களின் எண்ணிக்கை, 2 போட்டுப் பின்னால் 23 சைபர் சேர்த்தால் வரும் எண்ணைத் தாண்டிவிடும். கீபாஸ்எக்ஸ்சியின் பகடைப் படத்துக்குள் 'பாஸ்ஃபிரேஸ்' என்ற பகுதி இதையே உங்களுக்காக உருட்டித் தரும்.

ஆங்கிலச் சொல் மனதில் நிற்கவில்லை என்றால், தமிழ் அகராதியைக் கண்ணை மூடிக்கொண்டு ஆறு இடத்தில் திறந்து விரல் படும் சொல்லை எடுங்கள். ஏணி, தூறல், வெண்கலம், புடவை, நண்டு, கம்பளம் என்று வரலாம். இங்கே அச்சிட்டுவிட்டதால் இந்த ஆறை வைக்காதீர்கள். ழகரம் வரும் சொல்லைத் தள்ளிவிட்டு அடுத்ததை எடுப்பது நல்லது. ஆங்கில எழுத்தில் அதை ஒருநாள் ஒரு மாதிரி அடிப்போம், மறுநாள் வேறு மாதிரி அடிப்போம். வாடிக்கையாளர் ஒருவர் இப்படி அரைநாள் தன் பூட்டுக்கு வெளியே நின்றார்.

அதை மறந்துவிட்டால்?

திறக்க முடியாது. 'மறந்துவிட்டதா?' என்ற பொத்தான் அதில் இல்லை. இருந்தால் அது பூட்டே இல்லை. அதனால் முதல் மாதம் தினமும் ஒருமுறை கையால் அடியுங்கள், விரலுக்குப் பழகிவிடும். ஒரு தாளில் எழுதி, வீட்டுப் பத்திரம் இருக்கும் இடத்தில் வையுங்கள். லேப்டாப் பையில் மட்டும் வைக்கக் கூடாது.

அந்த டேட்டாபேஸ் ஃபைலுக்கும் நகல் வேண்டும். பென்டிரைவில் ஒன்று, வெளியூரில் இருக்கும் அண்ணன் வீட்டில் ஒன்று என்று வைக்கலாம். பூட்டிய ஃபைல் என்பதால் கூகுள் டிரைவில் போட்டாலும் தவறில்லை.

பாஸ்வேர்டைத் தாளில் எழுதவே கூடாது என்றல்லவா சொல்வார்கள்?

மானிட்டரில் ஒட்டி வைக்கக் கூடாது. பீரோவில் இருக்கும் தாளை வேறு நாட்டில் உட்கார்ந்திருக்கும் திருடனால் தொட முடியாது. கம்ப்யூட்டர் பக்கமே போகாத அப்பாவுக்கு நான் ஒரு நாற்பது பக்க நோட்டுதான் வாங்கிக் கொடுத்தேன்.

இணையத்திலேயே வைக்கும் பாஸ்வேர்டு மேனேஜர்கள் எப்படி?

போனிலும் லேப்டாப்பிலும் ஒரே சமயத்தில் வேண்டும் என்பவர்களுக்கு பிட்வார்டன் நல்லது. அதுவும் திறந்த நிரல்தான். ஆனால் லாஸ்ட்பாஸ் என்ற இதே மாதிரி சேவைக்கு நடந்ததைத் தெரிந்துகொண்டு இறங்குங்கள். 2022-இல் அவர்களிடமிருந்து வாடிக்கையாளர்களின் பெட்டகங்களின் நகல்களையே எடுத்துப்போனார்கள். உள்ளே பாஸ்வேர்டுகள் மறையாக்கத்தில்தான் இருந்தன. எந்தெந்தத் தளத்தில் கணக்கு வைத்திருக்கிறார்கள் என்ற முகவரிகள் மட்டும் மறையாக்கம் இல்லாமல் இருந்தன. நல்ல மாஸ்டர் பாஸ்வேர்டு வைத்திருந்தவர்களின் பெட்டகத்தை வைத்துக்கொண்டு ஒன்றும் செய்ய முடியாது. பிறந்த தேதியை வைத்திருந்தவர்கள் எல்லாவற்றையும் மாற்ற வேண்டியதாயிற்று.

பழைய நோட்பேட் ஃபைலை டெலிட் செய்துவிட்டால் போதுமா?

ரீசைக்கிள் பின்னையும் காலி செய்யுங்கள், ஒன்டிரைவின் குப்பைத்தொட்டியையும் பாருங்கள், உங்களுக்கே மெயிலில் அனுப்பியிருந்தால் அதையும் அழியுங்கள். ஆனால் எஸ்எஸ்டியில் (இப்போதைய லேப்டாப்புகளில் உள்ள டிஸ்க் வகை) ஒரு ஃபைலை மட்டும் துடைத்தெடுத்துவிட்டோம் என்று யாரும் உறுதியாகச் சொல்ல முடியாது. ஆகவே அதில் இருந்த பாஸ்வேர்டுகளை மாற்றிவிடுங்கள். அந்த ஃபைல் எங்கே கிடந்தாலும் அப்புறம் அது செத்த பாம்பு.

மூன்று மாதத்துக்கு ஒருமுறை மாற்ற வேண்டுமா?

வேண்டாம். அந்தப் பழக்கத்துக்கு வேர், அமெரிக்கத் தரநிர்ணய அமைப்பான நிஸ்ட் 2004-இல் வெளியிட்ட ஒரு கையேடு. அதை எழுதிய பில் பர், தான் எழுதியதில் பெரும்பகுதிக்கு வருந்துவதாக 2017-இல் வெளிப்படையாகச் சொன்னார். அதே ஆண்டு நிஸ்ட்டும் அதைக் கைவிட்டது. கட்டாயப்படுத்தினால் மனிதர்கள் கடைசி எண்ணை 1-லிருந்து 2 ஆக்குவார்கள், அவ்வளவுதான். கசிந்தது என்று தெரிந்தால் அன்றைக்கே மாற்றுங்கள்.

ஓடிபி வருகிறதே, பிறகு எதற்கு இவ்வளவு பாடு?

ஓடிபி இரண்டாவது பூட்டு. முதல் பூட்டு திறந்து கிடந்தால், திருடன் அந்த ஓடிபியை மட்டும் உங்களிடம் போனில் கேட்டால் போதும். உங்கள் பெயரும் கணக்கும் சொல்லிப் பேசுகிறவரை நம்பிக் கொடுத்துவிடுவோம். முடிந்த இடத்தில் அத்தென்டிகேட்டர் ஆப்பில் 30 விநாடிக்கு ஒருமுறை மாறும் எண்ணைப் பயன்படுத்துங்கள். தளம் பாஸ்கீ (போனின் விரல்ரேகை அல்லது பின்னைக் கொண்டு நுழையும் வழி) கொடுத்தால் எடுத்துக்கொள்ளுங்கள், அதில் திருட்டுக் கொடுக்க ஒரு பாஸ்வேர்டே இல்லை.

லேப்டாப்பை சர்வீஸுக்குக் கொடுக்கும்போது என்ன செய்வது?

இதை நானே சொல்லியாக வேண்டும். கீபோர்டு, திரை, பேட்டரி, கீல் வேலைக்கு உங்கள் பாஸ்வேர்டு எங்களுக்குத் தேவையில்லை. கேட்டால், வேறு ஒரு யூசரை உருவாக்கி அதன் பாஸ்வேர்டைக் கொடுங்கள். ரசீதின் பின்பக்கத்தில் வாடிக்கையாளரின் பாஸ்வேர்டை எழுதி லேப்டாப்பிலேயே ஒட்டி வைக்கும் வழக்கம் எங்கள் தொழிலில் உண்டு. அப்படிச் செய்வதைப் பார்த்தால் அங்கேயே வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். கொடுப்பதற்கு முன் பிரௌசரில் மெயிலிலிருந்து வெளியேறிவிடுங்கள்.

நான் இல்லாமல் போனால் வீட்டில் இருப்பவர்களுக்கு எப்படித் தெரியும்?

கேட்கத் தயங்குகிறார்கள், ஆனால் கேட்க வேண்டிய கேள்வி. மாஸ்டர் பாஸ்வேர்டு எழுதிய உறை எங்கே இருக்கிறது என்று ஒருவருக்கு மட்டும் சொல்லி வையுங்கள். இறந்தவரின் பேங்க் கணக்கில் அவர் பாஸ்வேர்டைப் போட்டு நுழைந்து பணம் எடுப்பது சரியான வழி இல்லை. அதற்கு நாமினி மூலமாகத்தான் போக வேண்டும். ஆனால் எந்த பேங்கில் கணக்கு, எந்த பாலிசி, எந்த மியூச்சுவல் ஃபண்ட் என்ற பட்டியலே தெரியாமல் திண்டாடும் குடும்பங்கள் எத்தனையோ. அந்த ஒரு ஃபைல் அவர்களுக்கு வழி காட்டும்.

என் பாஸ்வேர்டு ஏற்கனவே கசிந்துவிட்டதா என்று பார்க்க முடியுமா?

ட்ராய் ஹன்ட் 2013-இல் தொடங்கிய 'ஹேவ் ஐ பீன் போன்ட்' தளத்தில் மெயில் முகவரியைக் கொடுத்துப் பாருங்கள். கீபாஸ்எக்ஸ்சியிலிருந்தும் பாஸ்வேர்டுகளைச் சோதிக்கலாம். அப்போதுகூட பாஸ்வேர்டு வெளியே போகாது, அதன் கணித அடையாளத்தின் முதல் 5 எழுத்து மட்டுமே போகும்.

வைரஸ் ஏறிவிட்டது போலிருக்கிறது. என்ன செய்வது?

அந்த லேப்டாப்பில் எந்தப் பாஸ்வேர்டையும் மாற்றாதீர்கள், புதிதும் திருடுபோகும். நெட்டைத் துண்டியுங்கள். வேறு போனிலோ கம்ப்யூட்டரிலோ போய் மெயிலையும் பேங்கையும் மாற்றி, 'எல்லாச் சாதனத்திலிருந்தும் வெளியேறு' என்று கொடுங்கள். பணம் போயிருந்தால் உடனே சைபர் குற்ற உதவி எண் 1930-க்கு அழையுங்கள். இங்கே ஒவ்வொரு நிமிஷமும் முக்கியம். லேப்டாப்பை ஃபார்மட் செய்துவிட்டு மீண்டும் ஆரம்பியுங்கள். கிராக் செய்த சாஃப்ட்வேரைத் திரும்பப் போடாதீர்கள், பெரும்பாலும் வந்த வழியே அதுதான்.

ஐம்பது கணக்கு இருக்கிறது. எதிலிருந்து ஆரம்பிப்பது?

மெயிலிலிருந்து. மற்ற எல்லாத் தளத்தின் 'பாஸ்வேர்டு மறந்துவிட்டது' லிங்க்கும் அங்கேதான் வரும். அதை மாற்றிய கையோடு, அதில் ரெகவரிக்கு எந்தப் போன் நம்பர் கொடுத்திருக்கிறீர்கள் என்று பாருங்கள். கல்லூரிக் காலத்தில் வாங்கி விட்டுவிட்ட சிம்மாக இருந்தால் உடனே நீக்குங்கள். துண்டிக்கப்பட்ட நம்பரை 90 நாள் கழித்து இங்கே வேறொருவருக்குக் கொடுத்துவிடலாம். உங்கள் மெயிலின் சாவி இப்போது யாருடைய போனுக்கு வரும் என்று உங்களுக்கே தெரியாது. அடுத்தது பேங்க், அதற்கடுத்து டீமேட். மீதியை, அந்தந்தத் தளத்துக்குப் போகும்போது ஒவ்வொன்றாக மாற்றிக்கொண்டு வாருங்கள்.